‘சம்மிட்’ என்ற சொல்லின் உச்சிக்கு ஏறும் வழி

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில், பனிப்போர்க் காலத்தைப் பற்றிய ஒரு கட்டுரை என் மேசைக்கு வந்தது. பாரிஸில் ‘சம்மிட்’ சரிந்தது என்று அதில் ஒரு வரி. அவசரத்தில் நான் எழுதிக் கொடுத்தது: ‘பாரிஸில் மலையுச்சி சரிந்து விழுந்தது.’ பாரிஸில் ஏது மலை என்று ஒரு கணம் யோசித்திருந்தால் தப்பித்திருப்பேன். பிழை திருத்துபவர் அந்த வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, ஓரத்தில் ‘எத்தனை பேருக்குக் காயம்?’ என்று மட்டும் எழுதி அனுப்பினார்.

சரிந்தது மாநாடு. 1960 மே மாதம் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய நான்கு நாடுகளின் தலைவர்கள் பாரிஸில் கூடினார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அமெரிக்காவின் யூ-2 உளவு விமானத்தைச் சோவியத் படை சுட்டு வீழ்த்தியிருந்தது. சோவியத் தலைவர் குருசேவ் மன்னிப்புக் கேட்கச் சொன்னார், அமெரிக்க அதிபர் ஐசனோவர் கேட்கவில்லை, பேச்சு தொடங்கிய இடத்திலேயே முறிந்தது.

பட்ட அவமானத்தில் அந்தச் சொல்லைத் துருவித் துருவிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ‘உச்சி’ என்று பொருள்படும் சொற்கள் ஒரு டஜனுக்கு மேல் இருக்கின்றன. அகராதியைத் திறந்தால் ஒன்றுக்கு இன்னொன்றைப் பொருளாகக் கொடுத்து, நம்மைச் சுற்றவிடும். புதிதாகக் கற்பவர்கள் ‘சம்மிட்’ என்ற ஒரு சொல்லை மட்டும் முதலில் நன்றாகப் பிடித்துக்கொண்டால், மற்றவை தாமாக வழிக்கு வரும். நான் போன வரிசையைச் சொல்கிறேன்.

முதல் படி: வாயில் பழக்குங்கள்

தமிழில் ‘சம்மிட்’ என்று எழுதுகிறோம். அப்படியே மகர மெய்யை அழுத்தியும் சொல்லிவிடுகிறோம். நமக்குக் ‘குமி’ வேறு, ‘கும்மி’ வேறு. ஆங்கிலத்தில் அப்படியில்லை. இந்தச் சொல்லின் எழுத்துக்கூட்டலில் இரண்டு எம் வருவது, முன்னால் இருக்கும் உயிரொலி குறுகியது என்று காட்டத்தான். வாய்க்கு ஒரு எம் போதும். முதல் அசையில் அழுத்தம் கொடுத்து, இரண்டாவதைச் சட்டென்று விட்டுவிட வேண்டும். ‘சமிட்’ என்று எழுதினால் ஒலிக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கும், ஆனால் வழக்கத்தில் ஊன்றிவிட்ட எழுத்தை மாற்ற நான் தயாரில்லை.

இந்த அழுத்தம் ஏன் முக்கியம் என்றால், பக்கத்திலேயே ‘சப்மிட்’ நிற்கிறது. படிவத்தைச் சமர்ப்பிப்பது, அடிபணிவது என்ற பொருளுள்ள வினை. வேகமான பேச்சில் நடுவிலுள்ள ப் தேய்ந்துவிடும். அப்போது கேட்பவருக்கு இரண்டையும் பிரித்துக் காட்டுவது அழுத்தம்தான்: ‘சப்மிட்’டில் அது இரண்டாம் அசையில், ‘சம்மிட்’டில் முதல் அசையில். இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள், கீழே எழுத்துக்கூட்டலிலும் உதவும்.

இரண்டாம் படி: சொல்லுக்குள் என்ன படம் இருக்கிறது?

இங்கேதான் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

இலத்தீனில் ‘சூப்பெருஸ்’ என்றால் மேலே இருப்பது. அதைவிட மேலே இருப்பது ‘சூப்பீரியோர்’. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதைச் சொல்ல அவர்களிடம் இரண்டு வடிவங்கள் இருந்தன: ஒன்று ‘சூப்ரேமுஸ்’, மற்றொன்று ‘சும்முஸ்’. முதலாவதிலிருந்து வந்தது ‘சுப்ரீம் கோர்ட்’டில் இருக்கும் ‘சுப்ரீம்’. இரண்டாவதிலிருந்து வந்தது நம் ‘சம்மிட்’. ஆக, உச்ச நீதிமன்றமும் உச்சி மாநாடும் தமிழில் மட்டுமல்ல, இலத்தீனிலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்.

‘சும்முஸ்’ நேராக ஆங்கிலத்துக்கு வரவில்லை. பழைய பிரெஞ்சில் ‘சோம்’ என்று தேய்ந்து, சிறுமையைக் காட்டும் ஒரு விகுதி ஒட்டிக்கொண்டு ‘சோமெத்’ ஆனது. அதாவது, சின்ன உச்சி. 1400 வாக்கில் அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அந்தச் சின்னத்தனத்தை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. இன்றைக்கு உலகின் மிக உயர்ந்த மலையின் முடியைக் குறிக்கவும் அந்தச் ‘சின்ன உச்சி’யைத்தான் சொல்கிறோம்.

எழுத்துக்கூட்டல் நிலைபெற வெகுநாள் ஆயிற்று. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில், செங்குத்தான பாறையின் பயங்கர உச்சிக்கு ஆவி உங்களை இழுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று நண்பன் எச்சரிக்கும் இடம் ஒன்று உண்டு. 1623-இல் வந்த முதல் பெருந்தொகுப்பில் அங்கே அச்சாகியிருப்பது ‘சானெட்’. பதினான்கு வரிக் கவிதைக்குப் பெயரான அதே சொல். பாறையின் மேல் பயங்கரக் கவிதை! அச்சுக்கோப்பவருக்கு அந்தச் சொல் அவ்வளவு பரிச்சயமில்லை போலிருக்கிறது. எனக்கு இதைப் படித்தபோது பெரிய ஆறுதல்.

இப்போது கவனிக்க வேண்டியது: ‘மிக மேலானது’ என்ற இந்தப் பொருளில் எந்த உருவமும் இல்லை. கூர்மை இல்லை, முனை இல்லை, கோபுரம் இல்லை. இருப்பது வரிசை மட்டும்: இதற்கு மேல் வேறு எதுவும் கிடையாது. ஆகவே உச்சி தட்டையாக இருந்தாலும் அது ‘சம்மிட்’தான். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்துக்குப் பின்னால் இருக்கும் டேபிள் மலையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். மேசைப் பலகை மாதிரி நீண்டு தட்டையாகக் கிடக்கும். கூரிய சிகரம் என்று அங்கே எதையும் காட்ட முடியாது. ஆனால் அதற்கும் ‘சம்மிட்’ உண்டு. மக்லியர்ஸ் பீக்கன் என்ற இடத்தில் கற்குவியல் ஒன்றால் அடையாளம் வைத்திருக்கிறார்கள். உயரம் சுமார் 1,085 மீட்டர்.

உருவம் வேறு, இடம் வேறு. ‘சம்மிட்’ இடத்தின் பெயர். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், நான்காம் படியில் வரும் மாநாடு திடீரென்று வானத்திலிருந்து குதித்ததாகத் தோன்றாது.

மூன்றாம் படி: உறவுக்காரர்களைச் சந்தியுங்கள், போலிகளை வாசலிலேயே நிறுத்துங்கள்

‘சம்’ என்றால் கூட்டுத்தொகை. இதுவும் ‘சும்முஸ்’ஸின் வழிதான். மலையுச்சிக்கும் கூட்டல் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கீழிருந்து மேலாகக் கூட்டி, விடையை எல்லாவற்றுக்கும் மேலே எழுதுவது ரோமானியர் வழக்கம் என்கிறார்கள். நாம் விடையை அடியில் கோடு போட்டு எழுதுகிறோம். அவர்களுக்கு அது மேல்வரி. மேல்வரியில் இருப்பதே மொத்தம். ‘சம்மரி’ என்ற சுருக்கமும் இந்தக் கிளையிலிருந்து வருகிறது. பட்டமளிப்பில் சொல்லப்படும் ‘சும்மா கும் லௌதே’ என்பது ‘மிக உயர்ந்த பாராட்டுடன்’ என்று பொருள்படும் இலத்தீன் தொடர். நம் ‘சும்மா’வோடு அதைக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது பட்டம் வாங்கியவருக்கு நல்லது. ‘மேலே’ என்பதற்கான மூலத்திலிருந்து வந்த தூரத்து உறவுகளும் உண்டு. குட்டிக்கரணத்துக்கு ஆங்கிலத்தில் ‘சாமர்சால்ட்’ என்கிறோமே, அதன் முதல் பாதி ‘மேலே’, பின் பாதி ‘தாவல்’. பாட்டில் பெண்குரல்களில் மிக உயர்ந்த சுருதிக்குரிய ‘சொப்ரானோ’வும் அப்படியே.

நமக்கு இன்னும் நெருக்கமான உறவு ஒன்று இருக்கிறது. இலத்தீனின் ‘சூப்பெர்’, கிரேக்கத்தின் ‘ஹைப்பெர்’, ஆங்கிலத்தின் ‘ஓவர்’, சமஸ்கிருதத்தின் ‘உபரி’ ஆகிய நான்கும் ஒரே மூலத்தின் பிள்ளைகள் என்பது மொழியியலாளர் பலகாலமாக ஒப்புக்கொண்டது. அந்த ‘உபரி’ தமிழில் ‘உபரி நீர்’, ‘உபரி வருவாய்’ என்று தினமும் புழங்குகிறது. மேலே நிரம்பி வழிவது உபரி. மாடியைக் குறிக்கும் ‘உப்பரிகை’க்கும் அடி அதுதான். ஆக, ‘சம்மிட்’டுக்கு நம் வீட்டிலேயே ஒரு பங்காளி இருக்கிறார்.

போலிகள் இரண்டு. கோடைகாலத்தைக் குறிக்கும் ‘சம்மர்’ ஜெர்மானியச் சொல். வெயில் உச்சிக்கு ஏறும் காலம் என்று யாராவது அழகாக விளக்கினால் நம்பாதீர்கள். நீதிமன்றம் அனுப்பும் ‘சம்மன்’ வேறொரு இலத்தீன் வினையிலிருந்து, எச்சரித்தல் என்ற பொருளிலிருந்து வந்தது. எழுத்து ஒத்துப்போவதாலேயே உறவு கொண்டாடக் கூடாது.

நான்காம் படி: மலையில் ஒரு தடவை, மாநாட்டில் ஒரு தடவை

மலையில் ‘சம்மிட்’ என்பது ஒரே ஒரு புள்ளி. ‘பீக்’ என்பது அந்தப் புள்ளியையும் குறிக்கலாம், கூம்பிய மேற்பகுதி முழுவதையும் குறிக்கலாம், சில சமயம் மலைக்கே பெயராகவும் நிற்கலாம். ‘பீக்’கின் ‘சம்மிட்’டில் நின்றேன் என்று சொல்ல முடியும்; திருப்பிப் போட்டால் சரிவராது. ஒரே மலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ‘சம்மிட்’கள் இருப்பதும் சகஜம். ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் மலைக்குச் சுவிஸ் பக்கம் ஒன்று, இத்தாலியப் பக்கம் ஒன்று: முதலாவது 4,478 மீட்டர், இரண்டாவது 4,476. இரண்டு மீட்டர்தான் வித்தியாசம், ஆனால் ‘மிக மேலானது’ என்ற பட்டம் ஒன்றுக்குத்தான். எவரெஸ்டில் 8,848.86 மீட்டர் உயரமுள்ள முதன்மை உச்சிக்குச் சுமார் நூறு மீட்டர் கீழே ‘சவுத் சம்மிட்’ என்றொரு திட்டு இருக்கிறது. 1953 மே 29 அன்று டென்சிங்கும் ஹிலாரியும் அதைத் தாண்டித்தான் போனார்கள்.

மலையேறுபவர்களின் பேச்சில் இந்தச் சொல்லைச் சுற்றி ஒரு சிறு குடும்பமே உண்டு. ‘ஃபால்ஸ் சம்மிட்’: கீழிருந்து பார்க்கும்போது இதுதான் முடி என்று தோன்றும், மூச்சிரைக்க ஏறி நின்றால் அதற்குப் பின்னால் இன்னொன்று உயர்ந்து நிற்கும். ‘சம்மிட் புஷ்’: கடைசி முகாமிலிருந்து உச்சியைத் தொடக் கிளம்பும் இறுதி முயற்சி. ‘சம்மிட் ஃபீவர்’: உச்சி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, நேரமோ கடந்துவிட்டது, வானிலையும் மாறுகிறது, ஆனாலும் திரும்ப மனம் வராத அந்தப் பித்து. மருத்துவக் காய்ச்சல் இல்லை. ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது.

மலை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எரிமலையில் முடியிலிருந்து வெடிப்பது ‘சம்மிட் எரப்ஷன்’, விலாவிலிருந்து வெடிப்பது வேறு. சாலைப் பொறியியல் படித்தவர்கள் மேடேறி இறங்கும் வளைவைச் ‘சம்மிட் கர்வ்’ என்பார்கள். மேட்டைக் கடந்து செல்லும் படகுக் கால்வாயில், மதகுகளின் வழியே படகை ஏற்றிக் கொண்டுவிடும் மிக உயர்ந்த நீர்ப்பரப்புக்கும் ‘சம்மிட்’ என்றே பெயர். தண்ணீரின் மேற்பரப்பைவிடத் தட்டையானது எது? உருவமல்ல, இடம் என்று மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாநாடு. அரசுகள் பேசிக்கொள்வதற்குப் படிநிலை இருக்கிறது: அதிகாரிகள் பேசுவார்கள், தூதர்கள் பேசுவார்கள், அமைச்சர்கள் பேசுவார்கள். அந்த ஏணியில் அதற்கு மேல் ஆளில்லாத இடத்தில் இருப்பவர்கள் நேருக்குநேர் உட்கார்ந்தால், அது ‘உச்சியில் பேச்சு’. இந்த உருவகத்தைப் பரப்பியவர் வின்ஸ்டன் சர்ச்சில். 1950 பிப்ரவரி 14 அன்று எடின்பரோவில் பேசியபோது, சோவியத் தலைமையோடு ‘உச்சியில் ஒரு பேச்சுவார்த்தை’ நடத்துவதால் நிலைமை மோசமாகிவிடாது என்ற கருத்தைச் சொன்னார். 1955 ஜூலையில் ஜெனிவாவில் நான்கு நாட்டுத் தலைவர்கள் கூடியபோது பத்திரிகைகள் இந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. முதலில் ‘சம்மிட் மீட்டிங்’, ‘சம்மிட் கான்ஃபரன்ஸ்’ என்று வாலோடு வந்தது. பிறகு வால் அறுந்து ‘சம்மிட்’ மட்டும் நின்றது.

உருவகம் ஒரு தடவை வேரூன்றிவிட்டால் கிளையும் விடும். 1975 நவம்பரில் பிரான்சின் ரம்பூயே கோட்டையில் ஆறு நாடுகளின் தலைவர்கள் கூடியது, இன்றைய ஜி7-க்குத் தொடக்கம். அந்தக் கூட்டங்களுக்கு முன்கூட்டியே ஆவணங்களைத் தயாரித்து, தலைவரை உச்சிவரை கொண்டுசேர்க்கும் அதிகாரிக்கு என்ன பெயர் தெரியுமா? ‘ஷெர்பா’. இமயத்தில் மலையேறுபவர்களுக்கு வழிகாட்டும் மக்களின் பெயர் அது. அந்த அதிகாரிக்கு உதவியாளர் ‘சூ-ஷெர்பா’, அதாவது துணை ஷெர்பா. செய்தியில் ஷெர்பாக்கள் கூட்டம் என்று படித்தால் இமயமலையைத் தேடாதீர்கள். நான் தேடியிருப்பேன்.

பேச்சுவழக்குக்கும் ஆவணத்துக்கும் இடையே ஒரு வித்தியாசம். 1992 ஜூனில் ரியோ டி ஜெனிரோவில் நடந்ததை உலகமே ‘எர்த் சம்மிட்’ என்றது. அதன் அதிகாரபூர்வப் பெயரில் ‘சம்மிட்’ இல்லை. சுற்றுச்சூழல், வளர்ச்சி குறித்த ஐக்கிய நாடுகள் மாநாடு என்பதே பெயர். முறையான கட்டுரை எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒரு முறை சரிபார்த்துவிட வேண்டும். இப்போதெல்லாம் நாற்பது பேர் கூடிக் காப்பி குடித்துக் கலையும் விற்பனைக் கூட்டமும் தன்னைச் ‘சம்மிட்’ என்று அழைத்துக்கொள்கிறது. தடுக்க முடியாது, ஆனால் நாமும் சேர்ந்து மலிவாக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்

தமிழில் ‘உச்சிக்குப் போனான்’, ‘உச்சிக்கு ஏறினான்’ என்று நான்காம் வேற்றுமை நாக்கில் ஊறியிருப்பதால், ஆங்கிலத்திலும் ‘ரீச்’ என்ற வினைக்குப் பின்னால் ‘டு’ போட்டுவிடுகிறோம். வேண்டாம். ‘ரீச் த சம்மிட்’ போதும். ‘உச்சியை அடைந்தான்’ என்ற இரண்டாம் வேற்றுமையை மனத்தில் வைத்தால் தவறாது. ‘கிளைம்ப்’ என்ற வினைக்கு மட்டும் ‘டு த சம்மிட்’ என்று வரலாம், ஏனென்றால் ஏறியது மலையை, சேர்ந்தது உச்சிக்கு.

உச்சியை ஒரு புள்ளியாக நினைத்தால் ‘அட் த சம்மிட்’. காலூன்றும் தரையாக நினைத்தால் ‘ஆன் த சம்மிட்’. கொடி நட்டது ‘ஆன்’, வெப்பநிலை அளந்தது ‘அட்’. மாநாட்டுக்கு எப்போதும் ‘அட்’ போட்டால் பிழை வராது. அதோடு சேரும் வினைகள் ‘ஹோல்ட்’, ‘ஹோஸ்ட்’, ‘அட்டெண்ட்’. இன்னாரோடு என்றால் ‘வித்’, இருவருக்கிடையே என்றால் ‘பிட்வீன்’, இன்ன பொருள் குறித்து என்றால் ‘ஆன்’. ஒரு மலைக்கு முதன்மை முடி ஒன்றுதான் என்பதால் மலைப் பொருளில் பெரும்பாலும் ‘த’ வரும்; மாநாட்டை முதன்முறையாகக் குறிப்பிடும்போது ‘எ சம்மிட்’ என்று தொடங்கலாம்.

வினையாகவும் வரும். ‘ஷி சம்மிட்டட் எவரெஸ்ட்’ என்றால் உச்சியைத் தொட்டுவிட்டாள். மலையேறுபவர்களின் வாயிலிருந்து பொதுவழக்குக்கு வந்த இந்த வினையைப் பழைய பாணி ஆசிரியர்கள் சிலர் இன்னும் முகம் சுளித்துத்தான் பார்க்கிறார்கள். செய்திக் கட்டுரையில் தயங்காமல் எழுதலாம்; தேர்வுத்தாளில் ‘ரீச்ட் த சம்மிட் ஆஃப் எவரெஸ்ட்’ என்பது பத்திரம். எழுத்துக்கூட்டலில்தான் பலர் வழுக்குவார்கள்: ‘சப்மிட்’டின் இறந்தகாலத்தில் டி இரட்டிக்கும், ‘சம்மிட்’டின் இறந்தகாலத்தில் இரட்டிக்காது. காரணம் முதல் படியில் சொன்ன அழுத்தம். கடைசி அசையில் அழுத்தம் விழுந்தால் மெய் இரட்டிக்கும். விழாவிட்டால் ஒற்றையாகவே நிற்கும்.

வாழ்க்கையின், தொழிலின், அதிகாரத்தின் உச்சம் என்ற பொருளிலும் ‘சம்மிட்’ வரும். கொஞ்சம் எழுத்து நடை. பேச்சில் அந்த வேலையை ‘பீக்’கும் ‘ஹைட்’டும் பார்த்துக்கொள்கின்றன.

ஆறாம் படி: பக்கத்து வீட்டுக்காரர்கள்

ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு படம் இருக்கிறது. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட அந்தப் படத்தைப் பார்த்துவிடுவது மேல்.

‘பீக்’ குத்தும் முனை. ஈட்டி, கோடரி போன்றவற்றின் கூர்முனைக்கு வழங்கிய ‘பைக்’ என்ற பழஞ்சொல்லின் உறவு. வரைபடத்தில் கோடு குபீரென்று ஏறி இறங்குகிறதே, அந்த முனைக்கு ‘பீக்’தான் பொருந்தும். நெரிசல் நேரம் ‘பீக் அவர்’; ‘சம்மிட் அவர்’ என்று யாரும் சொல்வதில்லை. நெரிசலின் முனைமேல் யாரும் ஏறி நிற்க முடியாது. எனக்கு இதுவே சோதனை: முயன்று ஏறி, அங்கே நிற்க முடியுமா? முடியும் என்றால் ‘சம்மிட்’. தன்னால் ஏறித் தன்னால் இறங்கும் அளவு என்றால் ‘பீக்’. எட்டிப்பார்ப்பதைக் குறிக்கும் ‘பீக்’ வேறு. அதில் இரட்டை ஈ. திரைப்பட முன்னோட்டத்துக்கு மலைமுடியின் எழுத்தைப் போடுகிறவர்கள் ஏராளம்.

‘பினக்கிள்’ ஒரு சின்னச் சிறகு. இலத்தீனின் ‘பின்னா’ இறகு. பிறகு கோட்டைச் சுவரின் மேல்விளிம்பு. ‘பின்னாக்குலும்’ அதன் சிறு வடிவம். கட்டடக் கலையில், தூணின் அல்லது முட்டுச்சுவரின் தலையில் நிற்கும் சிறு கூர்ங்கோபுரம். அலங்காரம் மாதிரி தெரியும், ஆனால் தன் எடையால் முட்டுச்சுவரை அழுத்தி நிலைநிறுத்துகிற வேலையும் அதற்கு உண்டு. சாதனையின் மணிமுடி என்ற பொருளில் இது ஒளிவிடும். சோதனைக்காரன் இயேசுவை ஆலயத்தின் ‘பினக்கிள்’ மேல் நிறுத்தினான் என்று ஆங்கில பைபிளில் வரும் இடத்தில், தமிழ் பைபிளில் இருப்பது ‘உப்பரிகை’. மூன்றாம் படியில் பார்த்த நம் பங்காளியேதான்.

‘அபெக்ஸ்’, ரோமானியப் பூசாரிகள் அணிந்த தொப்பியின் உச்சியில் செருகிய குச்சி. கூம்பின் தலை, இதயத்தின் நுனி, உணவுச் சங்கிலியின் முடி என்று அறிவியல் கட்டுரைகளில் வசிப்பது. ‘வெர்ட்டெக்ஸ்’ என்றால் முதலில் சுழல். தலையுச்சியில் முடி சுழித்திருக்கும் இடத்துக்கு நாம் ‘சுழி’ என்று சொல்வதையேதான் ரோமானியரும் சொன்னார்கள். பின்னால் அது வடிவியலில் முனைப்புள்ளி ஆயிற்று.

‘ஸெனித்’ எனக்கு மிகப் பிடித்தது. அரபு வானியலாளர்கள் தலைக்கு நேர்மேலே வானத்தில் உள்ள புள்ளியைத் ‘தலைவழி’ என்ற பொருளில் ‘சம்த் அர்-ரஸ்’ என்றார்கள். இலத்தீனில் படியெடுத்தவர்கள் கையெழுத்தில் எம்மின் மூன்று கோடுகளை என், ஐ என்று பிரித்துப் படித்ததால் ‘செனித்’ ஆனது என்பது பரவலான விளக்கம். உச்சந்தலை, உச்சிவெயில், உச்சிப்பொழுது என்று தலையையும் வானத்தையும் ஒரே சொல்லால் கட்டும் நமக்கு இந்தப் படம் சட்டென்று விளங்கும். சூரியன் உச்சியில் நின்று சாய்வதுபோல, சாயப்போகும் பெருமைக்கு ‘ஸெனித்’ பொருத்தம்: பேரரசுகள், வம்சங்கள்.

‘அக்மி’ கிரேக்கத்தில் கூர்விளிம்பு. அங்கிருந்து ஒரு பொருளின் பக்குவ உச்சம். முகப்பரு என்ற ‘அக்னி’ இந்தச் சொல்லைத் தவறாகப் படியெடுத்ததில் பிறந்தது என்பார்கள். ‘கிளைமாக்ஸ்’ ஏணி. கிரேக்க அணியிலக்கணத்தில் படிப்படியாக வலுவேற்றிச் செல்லும் முறைக்குப் பெயர். இப்போது ஏணியை மறந்து கடைசிப் படியை மட்டும் அப்படிச் சொல்கிறோம்.

எதிர்ச்சொல்லையும் ஜோடியாகப் படித்தால் குழப்பம் குறையும். ‘சம்மிட்’டுக்கு எதிரே மலையின் ‘ஃபுட்’ அல்லது ‘பேஸ்’, நம் அடிவாரம். ‘பீக்’குக்கு எதிரே ‘ட்ரஃப்’, அலையின் பள்ளம். ‘ஸெனித்’துக்கு எதிரே ‘நாடிர்’, காலுக்கு நேர்கீழே உள்ள புள்ளி, அதுவும் அரபுதான். ஜோடியை மாற்றினால் வாக்கியம் நொண்டும்.

கடைசியாக, தமிழில் எழுதும்போது

நாட்டுத் தலைவர்கள் கூடினால் ‘உச்சி மாநாடு’. இது ஆங்கில உருவகத்தை அப்படியே பெயர்த்ததுதான். ஆனாலும் வேரூன்றிவிட்டது, ஒலியும் நன்றாக இருக்கிறது. அமைச்சர்களோ நிறுவனங்களோ கூடினால் வெறும் ‘மாநாடு’ அல்லது ‘கருத்தரங்கு’ என்று எழுதுவேன், அழைப்பிதழில் என்ன அச்சடித்திருந்தாலும்.

மலைக்கு நம்மிடம் செல்வம் அதிகம். ஒற்றைப் புள்ளிக்கு ‘உச்சி’. கூம்பிய முடிக்குச் ‘சிகரம்’, ‘கொடுமுடி’. நீண்டு செல்லும் மேல்விளிம்புக்கு ‘முகடு’. எனவே ‘சம்மிட்’டுக்கு ‘உச்சி’யையும் ‘பீக்’குக்குச் ‘சிகர’த்தையும் ஒதுக்கி வைத்தால், இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தாலும் தடுமாற வேண்டியதில்லை: ‘அந்தச் சிகரத்தின் உச்சியில் இடம் நால்வருக்குத்தான்.’ தொழில், புகழ், விலை போன்றவற்றுக்கு ‘உச்சம்’ போதும். ‘உச்சி’ என்று எழுதினால் மலைவாசனை வந்துவிடும். வினைக்கு ‘உச்சியைத் தொட்டாள்’ என்பது, ‘அடைந்தாள்’ என்பதைவிட உயிருள்ளது.

‘ஃபால்ஸ் சம்மிட்’டுக்குத்தான் எனக்கு வெகுநாள் சரியான சொல் அகப்படவில்லை. ‘தவறான உச்சி’ என்றால் வேறு யாரோ தவறு செய்ததுபோல் இருக்கிறது. ‘போலி உச்சி’ என்றால் யாரோ கள்ளத்தனமாக உண்டாக்கியதுபோல். இப்போதைக்குப் ‘பொய்யுச்சி’ என்று எழுதுகிறேன். ‘பொய்க்கால்’, ‘பொய்த்தோற்றம்’ என்ற வரிசையில் அது இயல்பாகப் போய் உட்காருகிறது. பிழை திருத்துபவரும் இதுவரை வட்டம் போடவில்லை.